இல்லாத முடியை வேண்டிக்கொண்டவர்

நம் முடி ஒட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் என்னிடம் பசையைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். எந்தப் பசை வியர்வைக்குத் தாங்கும், எந்த டேப் கடல்காற்றுக்கு நிற்கும் என்று. அதைச் சரக்கு கொண்டுவந்து போடுகிறவரிடம் கேளுங்கள், மணிக்கணக்காகச் சொல்லுவார். தலையை அளப்பது, வலையை வெட்டுவது, ஒட்டுவது, கழற்றுவது எல்லாம் கொஞ்ச நாளில் கைக்குத் தானாக வந்துவிடும். நான் வேலையை விட்டுத் திருப்போரூர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுவது கைக்கு வராத ஒரு விஷயத்துக்காக. ஒருவருடைய நெற்றி எங்கே முடிய வேண்டும், முடி எங்கே தொடங்க வேண்டும் என்பதை எதை வைத்து முடிவு செய்வது? அதற்கு அளவுகோல் கிடையாது.

நாம் ஒட்டுவதை நாம் சிஸ்டம் என்கிறோம். வருகிறவர்கள் பேட்ச் என்கிறார்கள். வீட்டில் சண்டை வந்தால் அதையே டோப்பா என்கிறார்கள். எப்படிச் சொன்னாலும், மெல்லிய வலையில் கட்டிய முடிதான். பின்னாலும் பக்கத்திலும் எப்படி ஒட்டினாலும் சொந்த முடி அதை மறைத்துக்கொள்ளும். முன்நெற்றியில் மட்டும் ஒளிய இடமில்லை. அங்கே தப்பு செய்தால் எதிரே வருகிற முதல் ஆளே கண்டுபிடித்துவிடுவார்.

எனக்குத் தொழில் பழக்கியவர் மேடைக்கும் சினிமாவுக்கும் விக் கட்டியவர். வாயைத் திறந்தால் திட்டுதான். முதல் முறை நான் ஒரு ஆளுக்கு அடர்த்தியாக, நேராக, அழகாக முன்வரிசை வைத்துவிட்டுப் பெருமையாக நின்றபோது, கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"நாடகத்துக்குக் கட்டுனா கடைசி வரிசைல குந்திகினு கீறவன் பாப்பான். இத பொண்டாட்டி பக்கத்துல படுத்துகினு பாப்பா. அத மனசுல வெச்சிகினு கட்டு."

அந்தத் திட்டில்தான் நான் கற்றுக்கொண்டேன். ஆளைப் புருவம் உயர்த்தச் சொல்லிச் சுருக்கம் எதுவரை போகிறது என்று பார்ப்பேன். சிரிக்கச் சொல்லிப் பார்ப்பேன். இயற்கையாக வளர்ந்த முன்முடியில் ஒழுங்கு என்பதே கிடையாது. ஒரு பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கும், நான்கைந்து குட்டை முடி வழிதவறி முன்னால் நிற்கும், வெளிச்சத்தில் தோல் தெரியும். அதையெல்லாம் நாம் வேண்டுமென்றே வைக்க வேண்டும். அழகாக வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது பெரிய கஷ்டம். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

இனி ஏழுமலை கதைக்கு வருகிறேன். நாவலூர் ஐ.டி. கம்பெனிகளுக்குக் கார் ஓட்டுகிறாரே, அவர்தான். சொந்த ஊர் சதுரங்கப்பட்டினத்துக் குப்பம், அப்பா கடலுக்குப் போகிறவர். வாடிக்கையாளர் விஷயத்தை நாம் வெளியே பேசக் கூடாது, அதில் நான் கண்டிப்பு. இவர் கதையை இவரே தன் காரில் ஏறுகிற எல்லோருக்கும் சொல்லிவிட்டார். எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதுக்கா, பேரோட எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்பு அவர் நம் கடைக்கு முதலில் வந்தபோது உச்சந்தலை முழுக்கக் காலி. போர்வெல் தண்ணீர்தான் காரணம் என்றார். எல்லோரும் அதைத்தான் சொல்லுவார்கள், நான் மறுத்துப் பேசுவதில்லை. அவருக்குப் பிடித்த பெண் கலா. பெண்ணின் அம்மா பாக்கியம், திருக்கழுக்குன்றம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். சிக்கல் அவரிடம்தான் இருந்தது. கலாவுக்கு முன்பு பார்த்த ஒரு செய்யூர் பையனை முன்நெற்றியில் முடி கம்மி என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"நல்லா எறக்கி வையிக்கா. கோடு போட்ட மாரி நேரா வோணும்" என்று போனில் ஒரு நடிகர் படத்தைக் காட்டினார் ஏழுமலை.

"கோடு போட்டா டோப்பான்னு எழுதி ஒட்டுன மாதிரி இருக்கும். உங்கப்பா போட்டோ இருக்கா? உன் வயசுல எடுத்தது."

"அவரு போட்டோ எதுக்குக்கா?"

"கொண்டா சொல்றேன்."

இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு ஒரு படம் கொண்டுவந்தார். படகுக்குப் பக்கத்தில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார் அப்பா. தலை நிறைய முடி, ஆனால் இரண்டு பொட்டுப் பக்கமும் உள்வாங்கிய நெற்றி. அதைப் பார்த்துத்தான் மகனுக்கு வைத்தேன். இப்படி ஏறிய நெற்றியை வைத்தால் கல்யாணம் எப்படி நடக்கும் என்று அவர் பாதி வேலையில் எழுந்து போகப் பார்த்தார். உட்கார் தம்பி என்று தோளை அழுத்தி உட்காரவைத்தேன். அந்த இடத்தில் நான் விட்டுக்கொடுத்திருந்தால் அவர் சந்தோஷமாகப் போயிருப்பார், மாட்டிக்கொண்டும் இருப்பார்.

பாக்கியம் செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன் என்றைக்குப் பிடித்தது என்று சொல்லிவிடுகிற பெண்மணி. பெண் கேட்டு அப்பாவும் மகனுமாகப் போனபோது அவர் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்புடியே அவங்கப்பன் நெத்தி, கொட்டுனது இல்ல" என்று சொன்னாராம். ஏழுமலை ஓடி வந்து என்னிடம் இதைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அறிமுகமில்லாதவர்களுக்கு நெற்றி வயதுக்குப் பொருந்தினால் போதும். சொந்தக்காரர்களுக்கு அது குடும்பத்துக்கும் பொருந்த வேண்டும்.

கலாவிடம் அவர் கல்யாணத்துக்கு முன்பே உண்மையைச் சொல்லிவிட்டார். அந்தப் பெண், "எனக்கு இன்னா, எங்கம்மாகிட்ட மட்டும் வாயத் தொறக்காத" என்றதாம். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை கடைக்கு வந்து கழற்றிச் சுத்தம் செய்து ஒட்டிக்கொண்டு போவார். முன்பக்கம் லேசாகத் தூக்கினால் கலாவே வீட்டில் சரிசெய்துவிடுவாள். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது.

நான் கடையை விட்டு விலகக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒருநாள் காலையில் வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"அக்கா, ஒரு பேஜாரு ஆயிடுச்சு."

"பசை விட்டுடுச்சா?"

"பசை நல்லா தான் கீது. நான் தான் மாட்டிகினேன்."

விஷயம் இதுதான். கலாவுக்குப் பிரசவம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில். குழந்தை பிறந்த பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. நர்ஸ்கள் உள்ளே ஓடுகிறார்கள், வெளியே ஓடி வருகிறார்கள், யாரும் நின்று பதில் சொல்லவில்லை. பாக்கியம் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். அந்த நேரத்தில் ஏழுமலை திருப்போரூர் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, மாமியார் காதில் விழுகிற மாதிரி சத்தமாகச் சொல்லிவிட்டார். முருகா, அவளைக் கொடுத்துடு, என் முடியை உனக்குத் தருகிறேன் என்று.

கலா பிழைத்தாள். முருகன் தன் பங்கைச் செய்துவிட்டார். இப்போது பாப்பாவுக்கு முதல் மொட்டையும் காதுகுத்தும் திருப்போரூரில் என்று நாள் குறித்தாயிற்று. கூடவே அப்பாவுக்கும் மொட்டை. பாக்கியம் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியும் விட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன்பா, பால்குடம் எடுக்கறேன்னு வேண்டிக்கறது தான? இல்லாத முடிய எதுக்கு வேண்டிக்கிட்ட?"

"அந்நேரத்துல இன்னாக்கா தோணும்? எல்லாரும் முடி தான் வேண்டிக்குவாங்க, நானும் வேண்டிகினேன். எனக்கு இல்லன்ற நெனப்பே வரல."

நான் சிரிப்பை நிறுத்தினேன். ஆனால் உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. ஒட்டிக்கொண்டிருக்கிற ஆளுக்கே ஒட்டியிருப்பது மறந்துபோனது என்றால் அந்த முன்நெற்றியை எப்படி வைத்திருக்கிறேன் பாருங்கள். இத்தனை வருஷத் தொழிலில் எனக்கு இதைவிட என்ன சர்ட்டிபிகேட் வேண்டும்? கூட வேலை செய்தவர்களிடமும் அதைத்தான் சொன்னேன்.

ஏழுமலை ஒரு யோசனையோடுதான் வந்திருந்தார். "பழைய பேட்ச் ஒண்ண அழுத்தமா ஒட்டி வுட்டுடுக்கா. மொட்ட போடுறவரு அதையே செரச்சிடட்டும். மேல சந்தனம் பூசிகினா யாருக்குத் தெரியும்?"

ஒரு நிமிஷம் என் மூளை அதற்கும் வழி தேடியது. எந்த வலை, எந்தப் பசை, சந்தனம் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று. நம் தொழிலில் உள்ளவர்களுக்கு இது ஒரு வியாதி. முடியுமா என்று யாராவது கேட்டால் போதும், செய்யலாமா என்று கேட்டுக்கொள்ள மறந்துவிடுவோம். ஈரத்தலையில் வைக்கிற கத்தி வலையில் சிக்கினால் அடியில் இருக்கும் தோலும் சேர்ந்து போகும் என்பது பிறகுதான் உறைத்தது. இன்னொன்றும் உறைத்தது, அதை அவரிடம் சொன்னேன்.

"தம்பி, உன் தலைல இருக்கறது கோயில்ல யாரோ மொட்ட போட்டுக் குடுத்த முடி. ஏலத்துல எடுத்து, வலைல கட்டி, உனக்கு வந்துருக்கு. ஒரு தடவ சாமிக்குக் குடுத்தத மறுபடி சாமிக்கே குடுப்பியா?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அது வேற கீதா" என்றார்.

"உங்க அத்தகிட்ட சொல்லிடேன்."

"முடி கம்மின்னு ஒருத்தன திருப்பி அனுப்பினவங்கக்கா. ஏமாத்திக் கட்டிகினான்னு மார்க்கெட்ல நின்னு சொல்லுவாங்க. தெரிஞ்சே மறச்சான்னு கலாவ வேற பேசுவாங்க. அது கூட போவட்டும். பாப்பாவ தூக்கறப்பல்லாம் தோணுது. அவரு குடுத்துட்டாரு, நான் தான் இன்னும் குடுக்கல. எதுனா ஆயிடுமோன்னு பயமா கீதுக்கா."

மாமியார் பயம் என்று நினைத்துத்தான் நான் பேசிக்கொண்டிருந்தேன். மனுஷன் நிஜமாகவே கடன்பட்டவராக உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டும் வேண்டும், வேண்டுதலும் நிறைவேற வேண்டும், வீட்டில் மானமும் போகக் கூடாது. எனக்குப் பாவமாக இருந்தது.

காதுக்கு மேலும் பின்மண்டையிலும் இருக்கிற முடி அவருடையதுதான். அதைக் கொடுப்பதற்குச் சாமி ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதனால் நான் ஒரு திட்டம் போட்டேன். மொட்டை போடும் நாள் விடியற்காலை உறவுக்காரர்கள் வருவதற்கு முன்பே அவர் என் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நான் சிஸ்டத்தைக் கழற்றிவிடுவேன். துண்டைக் கட்டிக்கொண்டு நேராகப் போய் முதல் ஆளாக மொட்டை போட்டு, சந்தனத்தைப் பூசிக்கொண்டுவிட்டால் எல்லா மொட்டையும் ஒரே மொட்டைதான். அதன் பிறகு ஓரத்தில் மட்டும் முளைக்கும் என்பதால் தினமும் ஷேவ் செய்துகொள்ள வேண்டும். கொஞ்ச நாள் கழித்து அப்போதுதான் முளைத்த மாதிரி ஒட்ட வெட்டிய சிஸ்டம் ஒன்று, பிறகு இன்னும் கொஞ்சம் நீளமாக ஒன்று. முளைத்து வருகிற முடிக்கு முன்நெற்றி எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்து அந்த இரண்டையும் தயார் செய்தேன். நான் செய்ததிலேயே நுணுக்கமான வேலை அதுதான் என்று இன்றும் சொல்லுவேன்.

திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. எனக்கும் தோன்றவில்லை, மீன்காரக் குடும்பத்தில் பிறந்த அவருக்கும் தோன்றவில்லை. கரையில் இருட்டோடு நடக்கிற மீன் ஏலத்துக்குப் போய்ப் பழகிய ஒரு பெண்மணியை விடியற்காலையில் முந்திக்கொண்டு போகப் பார்த்தோம்.

குறித்த நாளில் இருட்டு விலகுவதற்குள் வந்தார். கழற்றினேன். கண்ணாடியைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். துண்டை நானே இறுக்கிக் கட்டிவிட்டுக் கூடவே நடந்தேன். மொட்டை போடும் இடத்தில் கூட்டமே இல்லை. மொட்டை போடுகிறவர் கத்தியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே, மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு, வெற்றிலை மென்றபடி பாக்கியம் உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா மாப்ள. உனுக்கு எடம் புடிக்கலாம்னு மொத ஆட்டோல வந்துட்டேன். கலாவும் புள்ளயும் வேன்ல வந்துகினு கீறாங்க. நாஸ்தா கட்டியாந்துகீறேன், மொட்ட போட்டுட்டு துன்னலாம். துண்ட அவுத்துட்டுக் குந்து."

ஏழுமலை என்னைப் பார்த்தார். அவருடைய கை துண்டின் மேலே நின்றுவிட்டது.

இந்த மாதிரி நேரத்தில் என் வாய்க்குப் பொய் தானாக வரும். வாடிக்கையாளரைக் காப்பாற்றிக் காப்பாற்றிப் பழகிய வாய். "அவருக்குத் தலைல கொப்புளம்மா, காத்து படக் கூடாதுன்னு டாக்டரு..." என்று ஆரம்பித்துவிட்டேன். ஏழுமலை கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"வாணாம்கா. சாமி வாசல்ல நின்னுகினு கீறோம்."

துண்டை அவிழ்த்தார். விடிந்துகொண்டிருந்த வெளிச்சத்தில் உச்சந்தலை பளிச்சென்று தெரிந்தது. சுற்றிலும் ஓரத்தில் மட்டும் முடி. மொட்டை போடுகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

பாக்கியம் மெல்லுவதை நிறுத்தினார். "இது இன்னா?"

"இதான் அத்த என் தல. கண்ணாலத்துக்கு முன்னாடியே போயிடுச்சு. நீங்க பாத்ததெல்லாம் ஒட்ட வெச்சது. கலாவுக்குத் தெரியும், அவள ஒண்ணும் சொல்லாதீங்க. நான் தான் சொல்ல வாணாம்னேன்."

அந்தக் கடைசி வாக்கியம் பொய். சொல்ல வேண்டாம் என்றது கலாதான்.

"அப்ப ஆஸ்பத்திரில இன்னாத்தத் தரேன்னு வேண்டிகின?"

"மறந்துட்டேன் அத்த."

"இன்னாத்த மறந்த?"

"எனக்கு முடி இல்லன்றத."

மொட்டை போடுகிறவர் பக்கென்று சிரித்துவிட்டார். பாக்கியம் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு அப்படியே அடங்கியது. எழுந்து மருமகனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனியச் சொல்லி உச்சந்தலையில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். அவர் திட்டப்போகிற திட்டுக்கு நான் தயாராக நின்றேன்.

"அந்தச் செய்யூர் பையன நெத்தி ஏறிகினு கீதுன்னு தொரத்தி வுட்டேன்" என்று பாக்கியம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ யாரும்மா?"

"நான் தான்மா அவருக்கு வெச்சு விட்டவ."

"எங் கண்ணுக்கே தெரியலயே. நல்லா தான் ஏமாத்துனீங்க எல்லாருமா சேந்து."

திட்டா, பாராட்டா என்று எனக்குப் புரியவில்லை. பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அங்கே பேசாமல் இருந்திருக்கலாம். பெருமை விடவில்லை.

"அவருக்கே மறந்து போற மாதிரி வெச்சிருந்தேன்மா. அதான் அன்னிக்கு ஆஸ்பத்திரில அப்படி வேண்டிக்கிட்டாரு."

பாக்கியம் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நீ வெச்ச லட்சணத்துல ஒண்ணும் மறக்கலம்மா. உள்ள எம்பொண்ணு சாவக் கெடந்தா. அவ நெனப்புல இவனுக்குத் தன் தலயே மறந்துபோச்சு."

ஏழுமலை அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதார். பாக்கியம் முந்தானையால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மொட்டை போடுகிறவரைப் பார்த்து, "இன்னா வேடிக்க பாத்துகினு கீற? ஓரத்துல கீறத எடு. கீறதத் தான குடுக்க முடியும்" என்றார்.

அவர் தண்ணீர் தெளித்து, காதுக்கு மேலே இருந்து சிரைக்கத் தொடங்கினார். ஐந்து நிமிஷ வேலை கூட இல்லை. முடிந்ததும் பாக்கியம் சந்தனக் கிண்ணத்தைக் கையில் வாங்கி, மருமகன் தலையில் தானே பூசினார். வெயில் சுடும் என்று சொல்லி உச்சியில் இன்னும் ஒரு கை அதிகமாக வைத்தார்.